பேஸ்பால் ரசிகராவது எப்படி: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

அமெரிக்கா வந்த முதல் மூன்று வருடம், டிவியில் பேஸ்பால் வந்தாலே சேனலை மாற்றிவிடுவேன். நாலாவது வருடம் வசமாக மாட்டிக்கொண்டேன். மாட்டிய வேகத்தில் செய்யக்கூடாத செலவையெல்லாம் செய்தேன். உள்ளூர் அணியின் ஆட்டம் ஒன்றுகூடத் தெரியாத சந்தாவுக்கு ஒரு வருடப் பணத்தையும் கட்டினேன். மண்டை காயும் வெயிலில் இருக்கை வாங்கினேன். ஒரு ஜெர்சி கதையும் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

நீங்கள் அந்தப் பாடு படவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். எதை எப்போது செய்வது, எவ்வளவு ஆகும், எங்கே கை சுடும், அவ்வளவுதான் இதில் இருக்கும். சொல்வதெல்லாம் பேஸ்பாலின் உச்சநிலைப் போட்டியான மேஜர் லீக், அதாவது எம்எல்பி பற்றி.

1. முதல் இரண்டு வாரம் ஒரு டாலர்கூடச் செலவழிக்காதீர்கள்

ஒரு எம்எல்பி அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடுகிறது. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசிவரை, கிட்டத்தட்ட தினமும். ஐபிஎல் லீக் சுற்றில் ஒரு அணிக்கு 14 ஆட்டம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இந்த ஆட்டத்தின் ருசியும் தொல்லையும் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது. நேற்று கேவலமாகத் தோற்ற அணி இன்று மாலை ஏழு மணிக்கு மறுபடி மைதானத்தில் நிற்கும். துக்கம் கொண்டாட நேரமே கிடையாது. அதே சமயம், எல்லா ஆட்டத்தையும் பார்த்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் வீட்டில் யாரும் உங்களோடு பேசமாட்டார்கள்.

அதனால் முதலில் ஒரு சோதனை. எம்எல்பி ஆப்பை இறக்கி இலவசக் கணக்கு ஒன்று தொடங்குங்கள். அதில் ஒவ்வொரு பந்தும் எங்கே விழுந்தது, என்ன வேகம் என்று நேரடியாகப் படமாகவே வரும். பணம் கேட்காது. ஆட்டத்தின் சுருக்கக் காட்சிகளும் யூடியூபில் இலவசம். ஏதாவது ஒரு அணியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு வாரம் ராத்திரி படுக்கும் முன் அதன் ஸ்கோரை மட்டும் பாருங்கள். பத்தாவது நாள் யாரும் நினைவூட்டாமலே கை ஆப்பைத் திறந்தால் அடுத்த படிக்கு வாருங்கள். திறக்கவில்லையா? நல்லது, பணம் மிச்சம்.

2. அணியைத் தேர்ந்தெடுப்பது

மொத்தம் 30 அணிகள். என் கருத்து ஒன்றுதான்: பக்கத்தில் இருக்கும் அணியை எடுங்கள். ஜெயிக்கிற அணியைத் தேடிப் போகாதீர்கள். பல் மருத்துவர், பக்கத்து வீட்டுக்காரர், கடைக் கல்லாவில் நிற்பவர் என்று எல்லோரோடும் பேச விஷயம் கிடைப்பது உள்ளூர் அணியால்தான்.

தூரத்து அணியை எடுத்தால் நேர வித்தியாசம் வேறு கொல்லும். கிழக்குக் கரையில் இருந்துகொண்டு டாட்ஜர்ஸ் ரசிகரானால், லாஸ் ஏஞ்சலஸில் மாலை ஏழு மணி ஆட்டம் உங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கும். மறுநாள் காலை ஒன்பது மணி மீட்டிங்கில் உங்கள் முகமே காட்டிக்கொடுத்துவிடும்.

உள்ளூர் அணி மோசமாக இருந்தால்? இருக்கலாம். 2024-ல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 121 ஆட்டம் தோற்றது. ஆனால் நல்ல அணியும் வருடத்துக்கு அறுபது, எழுபது ஆட்டம் தோற்கும். இந்த ஆட்டத்தில் தோல்வி வாரத்துக்கு மூன்று முறை வரும் விருந்தாளி.

ஆட்டக்காரருக்காக அணியைத் தேர்வு செய்யாதீர்கள். ஆறு வருடச் சேவை முடிந்து, கையில் ஒப்பந்தமும் இல்லாத ஆட்டக்காரர் யாரோடு வேண்டுமானாலும் சேரலாம். ஜூலைக் கடைசியிலோ ஆகஸ்ட் தொடக்கத்திலோ அணிகள் ஆட்களை மாற்றிக்கொள்ளும் கெடு வேறு இருக்கிறது. சம்பளத்துக்குக் கறாரான உச்சவரம்பும் கிடையாது. ஹுவான் சோட்டோவுக்கு நியூயார்க் மெட்ஸ் 15 வருடத்துக்கு 76.5 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. சின்ன நகரத்து அணி வளர்த்த ஆள் பெரிய நகரத்துக்குப் போவதைக் கைகட்டிப் பார்க்கவேண்டியிருக்கும். சில சமயம் அணியே போய்விடும். ஓக்லண்ட் ஏ’ஸ் 2024 சீசனோடு ஓக்லண்டை விட்டுக் கிளம்பிவிட்டது.

3. எதில் பார்ப்பது: அதிகம் பேர் ஏமாறும் இடம்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு தடவை படியுங்கள்.

எம்எல்பி.டிவி என்ற சந்தா இருக்கிறது. 2025-ல் வருடத்துக்குச் சுமார் 150 டாலர். எல்லா அணிகளின் ஆட்டமும் வரும் என்றதும் கார்டை எடுத்துவிடுவோம். ஆனால் நீங்கள் இருக்கும் பகுதி எந்த அணிக்கு உரியதோ, அந்த அணியின் ஆட்டம் அதில் நேரடியாகத் தெரியாது. இதற்கு பிளாக்அவுட் என்று பெயர். உள்ளூர் ஆட்டத்தின் உரிமை உள்ளூர் சேனலிடம் இருப்பதால் வரும் வினை இது.

பக்கத்தில் மைதானம் இல்லாவிட்டால் தப்பித்தோம் என்று நினைக்காதீர்கள். அயோவா மாநிலத்தில் எம்எல்பி அணி ஒன்றுகூட இல்லை. ஆனால் சுற்றியுள்ள ஆறு அணிகள் அதைத் தங்கள் பகுதி என்கின்றன. ஆறும் அங்கே முடக்கம். கனடா முழுவதுமே டொராண்டோ ப்ளூ ஜேஸின் பகுதி.

நான் இந்த விதியைப் படிக்காமல் பணம் கட்டிவிட்டு, முதல் நாள் மாலை பாப்கார்னோடு உட்கார்ந்தேன். கறுப்புத் திரையில் ஒரு அறிவிப்புதான் வந்தது. தப்பு முழுக்க என்னுடையது. பக்கத்தின் அடியில் எழுதித்தான் வைத்திருந்தார்கள்.

நீங்கள் இந்த வரிசையில் செய்யுங்கள்:

முதலில் எம்எல்பி தளத்தில் பிளாக்அவுட் பக்கத்தைத் திறந்து உங்கள் ஜிப் கோடைப் போடுங்கள். எந்தெந்த அணி முடக்கம் என்று காட்டும். உங்கள் அணி அந்தப் பட்டியலில் இல்லையென்றால் சந்தா வாங்கலாம், கவலையில்லை.

இருந்தால், அந்த அணியின் உள்ளூர் ஒளிபரப்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். சில அணிகள் கேபிள் இல்லாமல் நேரடியாகவே ஸ்ட்ரீமிங் விற்கின்றன. 2025-ல் பாட்ரேஸ், ட்வின்ஸ் போன்ற அணிகளுக்கு மாதம் 20 டாலர், சீசன் முழுவதற்கும் 100 டாலர் என்று இருந்தது. மாதக் கட்டணத்தில் ஒரு மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உள்ளூர் சந்தா வாங்கினாலும் எல்லா ஆட்டமும் கிடைக்காது. சில ஆட்டங்களைத் தேசிய ஒளிபரப்பாளர்கள் தனியாக எடுத்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை ஒன்றில், ஞாயிறு இன்னொன்றில் என்று போகும். இந்த ஒப்பந்தங்கள் அடிக்கடி மாறுவதால், நண்பரின் போன வருடத்து ஆலோசனையை நம்பாமல் ஏப்ரலில் புதிதாகப் பாருங்கள்.

டி-மொபைல் போன் வைத்திருப்பவர்களுக்கு சீசன் தொடக்கத்தில் எம்எல்பி.டிவி சந்தாவை இலவசமாகத் தந்துவருகிறார்கள். அதைப் பெற்றுக்கொள்ள சில நாள்தான் அவகாசம். மார்ச் கடைசி வாரத்தில் அவர்கள் ஆப்பைத் திறந்து பாருங்கள்.

இவ்வளவு தலைவலி வேண்டாம் என்பவர்களுக்கு ரேடியோ இருக்கிறது. எம்எல்பி ஆப்பில் ஒலி மட்டும் கேட்க 2025-ல் வருடத்துக்கு 30 டாலர் அளவில்தான் ஆனது. அதற்கு பிளாக்அவுட் கிடையாது. சொன்னால் நம்பமாட்டீர்கள், பேஸ்பாலுக்கு ரேடியோதான் பொருத்தம். பந்துக்கும் பந்துக்கும் இடையே வர்ணனையாளர் கதை சொல்லிக்கொண்டே போவார். பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்கலாம், கார் ஓட்டிக்கொண்டே கேட்கலாம். நான் பார்த்த ஆட்டங்களைவிடக் கேட்ட ஆட்டங்கள்தான் அதிகம்.

4. எவ்வளவு விதி தெரிந்தால் போதும்

கொஞ்சம் போதும். ஒன்பது இன்னிங்ஸ். ஒவ்வொன்றிலும் இரு அணிக்கும் தலா மூன்று அவுட். பந்தை எறிபவர் பிட்சர். அவர் அடிக்க வாகான இடத்தில் எறிந்ததை பேட்டர் விட்டுவிட்டாலோ, மட்டையை வீசியும் தவறவிட்டாலோ அது ஸ்ட்ரைக். வாகில்லாத இடத்தில் எறிந்ததை பேட்டர் வீசாமல் விட்டால் அது ‘பால்’. பேட்டருக்கு மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட், நாலு ‘பால்’ ஆனால் சும்மாவே முதல் பேஸ் (களத்தின் நாலு முனைகளுக்கு பேஸ் என்று பெயர்). நாலு பேஸையும் சுற்றி வந்தால் ஒரு ரன். இன்ஃபீல்ட் ஃப்ளை, பாக் போன்ற விதிகளை இப்போதைக்குத் தொடாதீர்கள். இருபது வருடமாகப் பார்ப்பவர்களே அதில் சண்டை போடுவார்கள்.

கிரிக்கெட் கண்ணோடு வருபவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று, பந்து கோட்டுக்குள் விழுந்தால் ஓடியே ஆகவேண்டும். தட்டிவிட்டு நிற்க முடியாது. இரண்டு, பத்து முறை இறங்கி ஏழு முறை அவுட் ஆகிறவர்தான் இங்கே சிறந்த பேட்டர். 0.300 சராசரி என்றால் அதுதான் கணக்கு. “இவன் என்னப்பா, எப்பப் பார்த்தாலும் அவுட் ஆகிறான்” என்று முதல் மாதம் நானும் சலித்துக்கொண்டேன்.

பந்தைப் பார்ப்பதைவிட எண்ணிக்கையைப் பாருங்கள். திரையின் மூலையில் 3-2, அதாவது மூன்று ‘பால்’, இரண்டு ஸ்ட்ரைக் என்று இருக்கிறது, இரண்டு அவுட், முதல் பேஸில் மட்டும் ஒரு ஆள் என்று வைத்துக்கொள்வோம். பிட்சர் எறியக் கிளம்பியதுமே அந்த ஆள் ஓட ஆரம்பித்துவிடுவார். ஏன்? ஸ்ட்ரைக் ஆனால் இன்னிங்ஸ் முடிந்தது, பால் ஆனால் எப்படியும் இரண்டாம் பேஸ் அவருக்குத்தான், அடித்துவிட்டால் முன்னாலேயே கிளம்பிய லாபம். அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போய் ஃபவுல் ஆனால் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி நடப்பார். பிட்சர் மறுபடி எறிவார், இவர் மறுபடி ஓடுவார், மறுபடி ஃபவுல். மூன்றாவது தடவை மைதானமே எழுந்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றுமே நடக்கவில்லை. இதில் உங்கள் வயிறு பிசைய ஆரம்பித்தால் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

ஆட்டம் இழுவை என்ற புகார் பாதி பழையது. 2023-ல் பிட்சருக்குக் கடிகாரம் வைத்தார்கள். பேஸில் ஆள் இல்லாவிட்டால் 15 நொடிக்குள் எறியவேண்டும்; ஆள் இருந்தால் இப்போது 18 நொடி. மூன்று மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்த சராசரி ஆட்டம் இரண்டே முக்கால் மணிக்குள் வந்துவிட்டது. மீதிப் பாதி இன்னும் உண்மைதான். சமநிலை என்று கைகுலுக்கிப் பிரியும் பழக்கம் இங்கே கிடையாது. சீசனின் இறுதிப் போட்டித் தொடருக்கு வேர்ல்ட் சீரிஸ் என்று பெயர்; 2025-ல் அதன் மூன்றாம் ஆட்டம் 18 இன்னிங்ஸ் போனது, ஆறரை மணி நேரத்துக்கு மேல்.

5. மைதானத்துக்குப் போவது: டிக்கெட், பை, வெயில், மழை

எந்த நாள்: ஏப்ரல், மே மாதங்களில் செவ்வாய், புதன் ஆட்டங்கள் மலிவு. வடக்கு நகரங்களில் ஏப்ரல் இரவு எலும்பைத் துளைக்கும் குளிர், ஜாக்கெட் கட்டாயம். சனிக்கிழமை, பெரிய அணி வரும் நாள், பொம்மை இலவசமாகத் தரும் நாள் மூன்றும் விலை ஏறும். அந்தப் பொம்மையும் முதலில் வரும் சில ஆயிரம் பேருக்குத்தான். கதவு திறக்கும்போதே வரிசையில் இல்லாவிட்டால் கிடைக்காது.

எப்போது வாங்குவது: இரண்டு பேர் என்றால் அவசரமே வேண்டாம். சாதாரண வாரநாள் ஆட்டத்துக்கு மறுவிற்பனைத் தளங்களில் கடைசி சில மணி நேரத்தில் விலை இறங்குவது வழக்கம். நாலைந்து பேர் சேர்ந்து உட்காரவேண்டும் என்றால் முன்பே வாங்குங்கள். 2025 மே முதல் கட்டணமெல்லாம் சேர்த்த மொத்த விலையை முதலிலேயே காட்டவேண்டும் என்று விதி வந்துவிட்டது. ஆனாலும் பணம் கட்டும் கடைசித் திரையை ஒரு தடவை படியுங்கள்.

என்ன ஆவணம்: காகித டிக்கெட் அநேகமாக ஒழிந்துவிட்டது. எம்எல்பி பால்பார்க் என்ற தனி ஆப்பில் டிக்கெட் வந்து நிற்கும். ஸ்கிரீன்ஷாட் எடுத்துப்போய் வாசலில் மாட்டிக்கொள்ளாதீர்கள். ஆயிரக்கணக்கான பேர் நிற்கும் வாசலில் சிக்னலும் இழுக்கும், அதனால் வீட்டிலேயே திறந்து வைத்துக்கொள்ளுங்கள். குடும்பத்தில் ஒருவர் தாமதமாக வருவார் என்றால் அவர் டிக்கெட்டை அவர் கணக்குக்கு முந்தைய நாளே மாற்றிவிடுங்கள். பீர் வாங்குவதாக இருந்தால் 21 வயது தாண்டியதற்கு அடையாள அட்டை வேண்டும், நரைத்த தலைக்கும் கேட்பார்கள்.

டொராண்டோவில் ஆட்டம் பார்க்க ஆசைப்பட்டால் கதை வேறு. 30 அணியில் அது ஒன்றுதான் நாட்டுக்கு வெளியே. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வேலை விசாவில் இருப்பவர்களுக்குக் கனடா விசா தனியாக வேண்டும். கிரீன் கார்டு இருந்தால் விசா வேண்டாம். பாஸ்போர்ட்டும் கார்டும் கையில் இருக்கவேண்டும். பாஸ்போர்ட்டில் அமெரிக்க விசா முத்திரை காலாவதியாகியிருந்தால், திரும்பி வருவதைப் பற்றி வழக்கறிஞரிடம் கேட்காமல் டிக்கெட் வாங்காதீர்கள்.

பை: ஒவ்வொரு மைதானத்துக்கும் ஒரு விதி. சில இடங்களில் 16 அங்குலம்வரை சரி, சில இடங்களில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பைதான், பல இடங்களில் முதுகுப்பையே கூடாது. போகும் நாளன்று அந்த மைதானத்தின் பக்கத்தைப் பாருங்கள். நான் ஒரு தடவை லேப்டாப் பையோடு ஆபீஸிலிருந்து நேராகப் போய், வாசலிலிருந்து திரும்பி, பையைக் காரில் வைத்துவிட்டு வருவதற்குள் மூன்றாவது இன்னிங்ஸ். நல்ல செய்தியும் உண்டு: பெரும்பாலான மைதானங்களில் வீட்டுச் சாப்பாட்டையும் மூடி திறக்காத தண்ணீர் பாட்டிலையும் அனுமதிக்கிறார்கள். சைவம் சாப்பிடுபவர்களுக்கும், குழந்தைகளோடு போகிறவர்களுக்கும் இது பெரிய மிச்சம்.

எங்கே உட்காருவது: பகல் ஆட்டத்தில் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் சூரியனைப் பாருங்கள். பல மைதானங்களில் மாலை நெருங்கும்போது மூன்றாம் பேஸ் பக்கம் முதலில் நிழல் விழும். வெளிக்களத்து இருக்கைகள் கடைசிவரை காயும். நான் முதல் பேஸ் பக்கம், ஐந்தாவது வரிசை என்று பெருமையாக வாங்கி, ஜூலை மாதம் மூன்று மணி நேரம் வெந்தேன். குழந்தைகளோடு போனால் பாதுகாப்பு வலைக்குப் பின்னால் உட்காருங்கள். வலை முடிகிற இடத்துக்கு அப்பால் ஃபவுல் பந்து தோட்டாபோல வரும். அடிபட்டால் பொறுப்பு உங்களுடையது என்று டிக்கெட்டின் விதிமுறையிலேயே எழுதியிருக்கும்.

எப்படிப் போவது: பார்க்கிங் பல இடங்களில் ஒரு டிக்கெட் விலையைத் தொடும். பாஸ்டன் ஃபென்வே, சிகாகோ ரிக்லி, நியூயார்க் யாங்கி ஸ்டேடியம் மூன்றுக்கும் ரயிலிலேயே போகலாம். டாட்ஜர் ஸ்டேடியத்துக்கு யூனியன் ஸ்டேஷனிலிருந்து டிக்கெட் வைத்திருப்பவர்களுக்கு இலவசப் பேருந்து உண்டு.

மழை: ஆட்டம் தள்ளிப்போனால் பெரும்பாலும் பணம் திரும்பாது, அதே டிக்கெட்டோடு வேறு நாள் வரவேண்டும். வெளியூரிலிருந்து விமானம் பிடித்துப் போகிறவர்கள் இதை மனதில் வைத்து, கூரை உள்ள மைதானமா என்று முதலில் பாருங்கள்.

கைக்கடக்கமாகத் தொடங்க விரும்பினால் மைனர் லீக் ஆட்டத்துக்குப் போங்கள். எம்எல்பியோடு இணைந்த 120 அணிகள் சின்னச் சின்ன ஊர்களில் ஆடுகின்றன. டிக்கெட்டும் பார்க்கிங்கும் சாப்பாடும் மலிவு, ஆட்டக்காரர் கூப்பிடு தூரத்தில் நிற்பார். முதல் ஆட்டம் அங்கே பார்த்திருந்தால் நான் மூன்று வருடம் முன்பே ரசிகராகியிருப்பேன்.

6. பென்சிலும் ஒரு ஸ்கோர் அட்டையும்

இதற்குச் செலவு சில டாலர்தான். களத்தில் நிற்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண். பிட்சர் 1, பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாம் பேஸ் 4, மூன்றாம் பேஸ் 5, இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6, வெளிக்களம் இடமிருந்து வலமாக 7, 8, 9. முதுகில் இருக்கும் ஜெர்சி எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இதில் எல்லோரும் குழம்புவார்கள்.

என் பக்கத்து இருக்கையில் இருந்த பெரியவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். தரையோடு போன பந்தை ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸுக்கு எறிந்து, அங்கிருந்து முதல் பேஸுக்குப் போய் இரண்டு பேர் அவுட். நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, அவர் தலை நிமிராமல் கட்டத்தில் 6-4-3 என்று எழுதிவிட்டு பென்சிலை என்னிடம் நீட்டினார். அடுத்ததை நான் தப்பாக எழுதினேன். அழிக்க ரப்பர்கூட வைத்திருந்தார்.

7. பணம் ஒழுகும் ஓட்டைகள்

ஜெர்சி. பெயர் போட்ட நல்ல ஜெர்சி 150 டாலரைத் தொடும். மே மாதம் எனக்குப் பிடித்த ஆட்டக்காரரின் ஜெர்சியை வாங்கினேன். ஜூலைக் கடைசியில் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் ஆட்களை மாற்றும் கெடு முடியும்வரை பொறுங்கள், அல்லது பெயர் போடாமல் வாங்குங்கள். தொப்பி இன்னும் நல்லது, அது யார் போனாலும் செல்லும்.

சூதாட்ட ஆப்கள். ஒளிபரப்பு முழுக்க அவற்றின் விளம்பரம்தான். 162 ஆட்டம் என்றால் 162 சபலம். நான் தொடவில்லை, நீங்களும் தொடவேண்டாம்.

8. அக்டோபரும் அதற்குப் பிறகும்

எம்எல்பிக்குள் அமெரிக்கன், நேஷனல் என்று இரண்டு லீக். ஒரு லீக்குக்கு ஆறு என்று மொத்தம் 12 அணிகள் அக்டோபர் நாக்அவுட் சுற்றுகளுக்குப் போகும். முதல் சுற்று அதிகபட்சம் மூன்று ஆட்டம், அடுத்தது ஐந்து, அப்புறம் ஏழு, வேர்ல்ட் சீரிஸும் ஏழு. ஆறு மாதம் உழைத்துச் சேர்த்தது இரண்டு ராத்திரியில் போய்விடலாம். 2001-ல் சியாட்டில் மரினர்ஸ் 116 ஆட்டம் ஜெயித்தது. வேர்ல்ட் சீரிஸுக்கே போகவில்லை. இது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

உங்கள் அணி தகுதி பெற்றால் டிக்கெட் விலை பல மடங்கு ஏறும். செப்டம்பரிலேயே அணியின் மின்னஞ்சல் பட்டியலில் சேர்ந்துவிட்டால் முன்விற்பனைக் குறியீடு கிடைக்க வாய்ப்புண்டு. கிழக்கில் இருப்பவர்களுக்கு ஆட்டம் எட்டு மணிக்குத் தொடங்கி நள்ளிரவை ஒட்டி முடியும், குழந்தைகளைக் கடைசிவரை உட்காரவைக்க முடியாது.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்டக்காரர் சங்கத்துக்கும் உரிமையாளர்களுக்கும் உள்ள ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-ல் முடிகிறது. போனமுறை முடிந்தபோது உரிமையாளர்கள் 99 நாள் ஆட்டக்காரர்களுக்குக் கதவை அடைத்தார்கள். அதனால் 2027-க்கான எதற்கும் முன்கூட்டியே முழுப் பணம் கட்டவேண்டாம்.

நவம்பர் வந்ததும் மாலை ஏழு மணிக்குக் கை சும்மா இருக்கும். சில வாரம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும், பிறகு பழகிவிடும். பிப்ரவரி நடுவில் பிட்சர்களும் கேட்சர்களும் ஃபுளோரிடா, அரிசோனா பயிற்சி முகாம்களுக்கு வந்து சேர்வார்கள். அதற்கு முன்பே சந்தாக் கணக்கைத் திறந்து, தானாகப் புதுப்பிக்கும் பொத்தான் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள். என்னுடையது இரண்டு வருடம் ‘ஆன்’ பக்கமே இருந்தது.